டொமைன் வயதுக் கருவி: விளக்கக் குறிப்பில் பார்க்க வேண்டியவை

சென்னைப் புறநகரான ராஜகீழ்ப்பாக்கத்தில் சொத்துவரியும் மின்கட்டணமும் வங்கிப் பணியும் கைப்பேசி வழியாகவே நடக்கும் நிலையில், புதிதாக வந்த முகவரி போலியா என்றறிய டொமைன் வயதுக் கருவியை, அதாவது ஓர் இணையப் பெயர் பதிவான நாளைக் காட்டும் சேவையை நாடுவோர், முதலில் அதன் விளக்கக் குறிப்பை வாசிப்பது நல்லது. தரவின் மூலத்தை அக்குறிப்பு சொல்ல வேண்டும்; .காம் போன்ற பொதுப் பெயர்களுக்கு 2025 ஜனவரி 28 முதல் ‘ஹூஇஸ்’ என்னும் பழைய தேடல்முறை கட்டாயமில்லை, ‘ஆர்டிஏபி’ என்னும் புதிய நெறிமுறையே அதன் இடத்தில் உள்ளது என்பதால், ஹூஇஸை மட்டும் பேசும் குறிப்பு பழசாகிவிட்டது எனலாம்.

இலவசத் தளங்களில் பெறப்படும் உட்பெயருக்குத் தாய்ப் பெயரின் வயதே காட்டப்படும் என்பதும், விலைக்குக் கைமாறிய பெயர் பழைய தேதியையே தாங்கி நிற்கும் என்பதும் பலர் அறியாதவை. நேற்று முளைத்த மோசடிப் பக்கம் இருபது வயதுத் தோற்றம் பெறுவது இவ்வாறே. இதைச் சொல்லாத விளக்கம் மற்ற எல்லாவற்றிலும் சிறந்திருந்தாலும் குறையுடையதே.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. வங்கிகள் 2025 அக்டோபர் 31-க்குள் .பேங்க்.இன் பெயர்களுக்கு மாற வேண்டும் என ரிசர்வ் வங்கி பணித்ததால், உண்மையான வங்கிகளின் முகவரிகளே இளவயதாகத் தெரிகின்றன. ஆகவே, வயது குறைந்தால் போலி என ஒரே வரியில் முடிக்கும் கருவியை ஒதுக்கிவிடலாம். ஐயம் தீராதவர் வங்கிக் கிளையிலேயே நேரில் கேட்கலாம். பணம் பறிபோயிருந்தால் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.