சேர்வராயன் மலைக் குறிஞ்சி

நீலக் குறிஞ்சிச் செடியைப் பற்றி ஏற்காடு வட்டார ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் அறிந்திருத்தல் அவசியமாகும். தென்னிந்திய மலைகளிலன்றி உலகில் வேறெங்கும் இஃது இயற்கையாய் வளர்வதில்லை. 2024-ஆம் ஆண்டில் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அழிவுக்கு ஆளாகக்கூடிய இனமாகச் செம்பட்டியலில் சேர்த்தது. அப்போது கணக்கிடப்பட்ட 34 கூட்டங்களுள் 33 மேற்குத் தொடர்ச்சி மலையைச் சார்ந்தவை. கிழக்குத் தொடர்ச்சி மலைக்குரியது ஒன்றே. அது நமது சேர்வராயன் மலையில் உள்ளது.

இச்செடி பன்னிரண்டு ஆண்டுகள் வளர்ந்து, ஒரே முறை பூத்து, விதையுதிர்த்து மடிந்துவிடும். ஆதலின் பூக்குமுன் வெட்டிய புதரினின்று விதை கிடையாது. பூத்த கிளையை ஒடிப்பதும் அதே நஷ்டமே. ஊராட்சியின் பதவிக்காலமோ ஐந்தாண்டு. இருமுறை தொடர்ந்து உறுப்பினராயிருப்பவரும் இப்பூவைக் காணாமற் போகலாம். வெறும் பச்சைப் புதராய் நிற்கும் ஆண்டுகளில் இதனைக் களையென்று எண்ணுவது எளிது.

குறிஞ்சிக்கு உரிய இடம் உயர்மலைப் புல்வெளி. தேயிலை, மென்மரத் தோட்டங்களாலும் நகரப் பெருக்கத்தாலும் அதன் வாழிடத்தில் சுமார் 40 சதவீதம் அழிந்துவிட்டது. எஞ்சியதைத் தைலமரமும் சீகை மரமும் ஆக்கிரமிக்கின்றன. மரம் நடுதல் நற்பணியே. நாமும் அதனை வற்புறுத்தி வருகிறோம். ஆயினும் புல்வெளியைத் தரிசென்று கருதி அங்கே மரம் நடுவது தகாது.

எனவே மலைப் புறம்போக்கில் நடவுக்குத் தீர்மானம் செய்யுமுன் உறுப்பினர்கள் நேரிற் சென்று பார்வையிடல் வேண்டும். புதர் இருப்பின், சர்வே எண்ணையும் பூத்த ஆண்டையும் 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி அமைந்த மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் குறித்து, வனத்துறைக்கும் தெரிவிக்கலாம். காப்பித் தோட்டக்காரர்கள் எல்லையோரப் புதர்களை வெட்டாது விடுவார்களாக.