பாறை ஓவியம் பார்க்கப் போகிறவர்களுக்கு

இரும்பை கிராமத்திலிருந்து மேற்கே கிளம்பி விழுப்புரத்தைத் தாண்டினால் நிலமே மாறிவிடும். கரடுகள், உருண்டைப் பாறைகள், முள்ளுக்காடு. அந்தப் பக்கம்தான் கீழ்வாலை. அங்கே பறவை அலகு போன்ற முகத்தோடு மனித உருவங்களைச் செங்காவியில் வரைந்து வைத்திருக்கிறார்கள். செஞ்சி வட்டாரத்தில் செத்தவரையிலும் பாறை ஓவியங்கள் உண்டு. போய்வந்த அனுபவத்தில் சில யோசனைகள்.

மார்கழி, தை மாதங்களில் போங்கள். சித்திரையில் பாறை அனலாய்க் கொதிக்கும். ஐப்பசி மழையில் கால் வழுக்கும். விடிந்ததும் ஏறி, வெயில் உச்சிக்கு வருமுன் இறங்கிவிடுங்கள். முள் தைக்காத செருப்பும் ஆளுக்கு இரண்டு லிட்டர் குடிதண்ணீரும் அவசியம்.

ஊரில் ஆடு மேய்ப்பவர் யாரையாவது துணைக்குக் கூப்பிடுங்கள். ஒற்றையடிப் பாதை, பாம்புப் புற்று, தேன்கூடு எல்லாம் அவருக்குத் தெரியும். அரை நாள் வேலை கெடுகிறது, கூலி கொடுத்துவிடுங்கள்.

பாறை முன்னால் போய் நின்றதும் ஒன்றும் தெரியாது. நிழலில் உட்கார்ந்து பொறுமையாகப் பாருங்கள். கண் பழகியதும் கோடுகள் ஒவ்வொன்றாகப் பிடிபடும். ஃப்ளாஷ் இல்லாமல் படம் எடுங்கள். மங்கிய நிறங்களைப் பிரித்துக் காட்டும் டி-ஸ்ட்ரெட்ச் என்ற மென்பொருளில் அந்தப் படத்தைப் போட்டால், கண்ணுக்குத் தப்பிய உருவங்களும் துலங்கும். ஜான் ஹார்மன் என்பவர் பாறை ஓவியங்களுக்காகவே உருவாக்கியது அது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது: ஓவியத்தின் மேல் தண்ணீர் தெளிக்காதீர்கள். நனைந்தால் நிறம் பளிச்சென்று தெரியும் என்று பலர் பாட்டிலைக் கவிழ்ப்பதைப் பார்த்திருக்கிறேன். மரக்காணம் உப்பளக் கரையில் வாழ்கிறவர்களுக்கு இதன் விளைவைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஈரம் ஏறிக் காயும் சுவரில் உப்புப் பூத்துக் காரை உதிர்கிறதே, பாறையிலும் அதே கதைதான். உள்ளே இருக்கும் உப்பு ஈரத்தோடு மேலே வந்து படிகமாகும்போது, மேல்தோல் காவியோடு சேர்ந்து பெயர்ந்துவிடும். சாக்பீஸால் கோட்டைத் தடவுவதும், கை வைத்துப் பார்ப்பதும் இதே அளவு கெடுதல்.

இந்த ஓவியங்களைக் காக்க 1966-ஆம் ஆண்டு தமிழகத் தொல்சின்னச் சட்டம் இருக்கிறது. ஆனால் ஆளில்லாத கரட்டில் காவலுக்கு நிற்பது, பார்க்கப் போகிற நாம்தான். பாறையில் யாராவது பெயர் எழுதினாலோ பக்கத்தில் கல் உடைத்தாலோ, மாநிலத் தொல்லியல் துறைக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் உடனே தெரிவியுங்கள்.