குடியை விட விரும்புவோர் கூடும் சபை



மது ஹராம் என்பது நம் மதரஸாப் பிள்ளைகளும் அறிந்த பாடம். அதை இங்கே மீண்டும் ஓதப் போவதில்லை. ஹராம் என்று அறிந்தும் அதில் வீழ்ந்து, எழ வழி தெரியாமல் கிடக்கும் சகோதரரை எங்கே அழைத்துச் செல்வது என்பதே இன்றைய பாடம். சிம்பாங் அம்பாட்டில் கடை வைத்திருக்கும் நாம், நம்மவரில் அப்படி எவருமில்லை என்று சொல்லி விடுவது எளிது. அந்தச் சொல்லுக்கு அஞ்சியே நம்மவர் கதவைப் பூட்டிக்கொண்டு குடிக்கிறார். எவருக்கும் தெரியாததால் எவரும் கை கொடுப்பதற்கில்லை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில், குடித்ததற்காகப் பன்முறை தண்டனை பெற்ற ஒருவரைச் சபையிலிருந்த ஒருவர் சபித்தார். சபிக்க வேண்டாம், அவர் அல்லாஹ்வையும் ரசூலையும் நேசிப்பவர் என்று பெருமானார் தடுத்துவிட்டதாக ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. கடையில் ஒரு பையனை விரட்டுமுன் இதை நினைக்க வேண்டும்.

பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கு நெடுங்காலம் தலைமை தாங்கி 2019-இல் மறைந்த ஹாஜி எஸ்.எம். முகமது இத்ரீஸ் அவர்கள் நம் சமூகத்து வணிகரே. தோட்டத் தமிழர் குடும்பங்களைக் கெடுத்த சம்சுவை எதிர்த்து அச்சங்கம் பல ஆண்டு பாடுபட்டது. ஆனால் மதுவை எதிர்ப்பது ஒரு வேலை, வீழ்ந்தவரைத் தூக்குவது வேறொரு வேலை.

இரண்டாவது வேலைக்கு உலகெங்கும் பெயர்பெற்றது ஏ.ஏ. எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். அது பிறந்த கதை வணிகர் அறிய வேண்டியது. 1935 மே மாதத்தில் பில் வில்சன் என்னும் நியூயார்க் பங்குச் சந்தைக்காரர் தொழில் நிமித்தம் அக்ரான் நகருக்குப் போனார். எடுத்த காரியம் கைகூடவில்லை. குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்த அவருக்கு, தங்கிய ஓட்டலிலேயே மதுக்கூடம் கண்ணெதிரே இருந்தது. அவர் உள்ளே போகவில்லை. தொலைபேசியை எடுத்து, தம்மைப் போல் குடியால் அவதிப்படும் வேறொருவரைத் தேடினார். கிடைத்தவர் பாப் ஸ்மித் என்னும் அறுவை டாக்டர். இருவரும் மணிக்கணக்கில் பேசினர். டாக்டர் கடைசியாகக் குடித்த ஜூன் 10-ஆம் நாளையே அச்சபை தன் பிறந்த நாளாகக் கொள்கிறது.

கூட்டத்தில் நடப்பது இதுதான். ஒருவர் தம் முதற்பெயரை மட்டும் சொல்லி, தாம் குடிநோயாளி என்று கூறித் தம் கதையைப் பேசுவார். இடையில் எவரும் மறிப்பதில்லை. புதியவர் வாய் திறவாமல் கேட்டிருக்கலாம். பதிவேடு இல்லை, சந்தா இல்லை. விரும்பினால் உண்டியலில் ஏதேனும் போடலாம். குடியை விடும் ஆசை ஒன்றே போதும். ஆயுள் முழுவதற்கும் ஆணையிடச் சொல்வதில்லை. இன்று ஒரு நாள் குடியாதிருப்போம் என்பார்கள். அன்றன்று கல்லாக் கணக்கை முடிக்கும் நமக்கு இது விளங்கும். அவர்களுடைய பன்னிரண்டு படிகளில் நான்காவது, தன் குறைகளைக் கணக்கெடுப்பது. 1939-இல் வந்த அவர்கள் நூலே அதைக் கடைச் சரக்கின் இருப்பெடுப்பதற்கு ஒப்பிடுகிறது.

முஸ்லிம் போகலாமா என்று ஐயுறுவோர் உண்டு. சபை எம்மதத்தையும் சார்ந்ததன்று. சில ஊர்களில் மாதா கோயில் மண்டபத்தில் கூடுவர். அது இடவசதிக்காக மட்டுமே. முடிவில் ஒரு பிரார்த்தனை உண்டு; நம்மவர் அப்போது தம் துஆவை மனத்துள் ஓதலாம். 1989-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் முஸ்லிம்கள் அப்படிகளையே மார்க்கத்துக்கு இசைய அமைத்து, மில்லத்தி இஸ்லாமி என்ற பெயரில் கூடத் தொடங்கினர்.

இனி வழி. முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும். நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் கைநடுக்கமும் வியர்வையும் வரும். சிலருக்கு இரண்டு மூன்று நாளில் வலிப்பும் சித்தப்பிரமையும் வந்து உயிருக்கே ஆபத்தாகும். ரமலான் பிறையைக் கண்டு ஒரேயடியாக நிறுத்தப் பார்ப்பவர் இதை அவசியம் அறிந்திருக்க வேண்டும். அரசாங்கக் கிளினிக்கில் கடிதம் வாங்கிப் பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். குழுவைப் பற்றியும் அங்கே விசாரிக்கலாம். ஏ.ஏ. மலேசியாவின் கூட்ட அட்டவணை கைப்பேசியிலும் கிடைக்கும். இடமும் நாளும் மாறுவதுண்டு, புறப்படுமுன் கேட்டுக்கொள்க. ஜார்ஜ்டவுன் தூரமென்று மலைக்க வேண்டாம். 2014-இல் திறந்த இரண்டாம் பாலம் நமக்குப் பக்கத்திலுள்ள பத்து காவானிலிருந்தே புறப்படுகிறது. ஊரை விட்டுத் தள்ளியிருந்தால் தெரிந்த முகமும் குறைவு. தாயகம் போகும் நாட்களிலும் விட வேண்டியதில்லை. இந்தியாவுக்கு 1957-இல் வந்த ஏ.ஏ. சென்னையில் தமிழிலேயே கூடுகிறது.

முதலாளிமாருக்கு ஒரு வார்த்தை. வாரத்தில் ஒரு மாலை அவருக்கு விடுப்புக் கொடுங்கள். வியாபாரம் மிகுந்த நேரமாயினும் கொடுங்கள். எங்கே போகிறார் என்பது மற்றப் பையன்களுக்குத் தெரிய வேண்டாம். அவர் சம்மதித்தால் சம்பளத்தை வீட்டாரிடம் சேர்ப்பிக்கலாம். இடையில் ஒருமுறை தவறிக் குடித்துவிட்டால், பலருக்கும் நேர்வதே அது. அடுத்த கூட்டத்துக்கு அனுப்புங்கள். குடிப்பவரின் மனைவி மக்களுக்கென்று 1951 முதல் அல்-அனான் என்னும் தனிச் சபையும் உண்டு.

முதல் நாள் தனியே அனுப்பாதீர்கள். திறந்த கூட்டமாயின் நீங்களும் கூட உட்காரலாம். மூடிய கூட்டம் குடியை விட விரும்புவோருக்கு மட்டுமே. வாசலில் விட்டுவிட்டு, பக்கத்துத் தேநீர்க் கடையில் காத்திருங்கள். மஃரிபுக்கு அருகில் எந்தப் பள்ளிவாசல் என்பதையும் முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.