சொல்லுக்கு முன்னும் பின்னும் பாருங்கள்

எண்ணூரில் நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், காட்டுக்குப்பம் பிள்ளைகள் பலர் வங்கித் தேர்வுக்கும் எஸ்எஸ்சிக்கும் படிக்கிறீர்கள். இன்ஜினியரிங் முடித்து ஜிஆர்இ எழுத நினைப்பவர்களும் இருக்கிறீர்கள். எல்லோரும் என்னிடம் சொல்வது ஒன்றுதான்: “கணக்கு வருது பெரியப்பா, இந்த இங்கிலீஷ் வார்த்தைங்கதான் மனசுல நிக்க மாட்டேங்குது.” அதற்காக எழுதுகிறேன்.

1. சொற்பட்டியலை முதலில் மூடி வையுங்கள். பாரன்ஸ் புத்தகத்தின் 3500 சொற்களை மனப்பாடம் செய்து ஜிஆர்இ எழுதிய ஒரு தலைமுறை உண்டு. அன்றைய தேர்வு அப்படி இருந்தது. ஒரு சொல்லைத் தனியாகக் கொடுத்து அதற்கு எதிர்ச்சொல் கேட்டார்கள். 2011 ஆகஸ்டில் அந்தக் கேள்விகளை எடுத்துவிட்டார்கள். இன்று வருபவை கோடிட்ட இடமுள்ள வாக்கியங்களும் பத்திகளும். எஸ்ஏடி தேர்விலும் ஒரு சொல் அந்த இடத்தில் என்ன பொருள் தருகிறது என்றே கேட்கிறார்கள். வங்கித் தேர்வின் குளோஸ் டெஸ்டும் இதே வகைதான். எஸ்எஸ்சியில் மட்டும் தனிச் சொல்லுக்கு இணைச்சொல், எதிர்ச்சொல் இன்னும் வருகின்றன. அதற்குப் பழைய கேள்வித்தாள்களில் வந்த சொற்களிலிருந்து தொடங்குங்கள்.

2. தெரிந்த விஷயத்தை ஆங்கிலத்தில் படியுங்கள். மற்ற எதையும்விட இதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன்.

2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. கரையில் ஒதுங்கிய எண்ணெயை ஆட்கள் வாளியில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் நம் ஆற்றுக்குள் வந்தது. அதே மாதம் 26-ம் தேதி இரவு பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து ஜனங்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். இவற்றைப் பற்றி ஆங்கில நாளிதழ்கள் பக்கம் பக்கமாக எழுதின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வும் விசாரித்து ஆணைகள் போட்டது. அவற்றைத் தேடி எடுத்துப் படியுங்கள்.

எஃப்ளூயன்ட், எஸ்சுவரி, ரெமிடியேஷன், நெக்லிஜன்ஸ், டிப்ளீட், லைவ்லிஹுட் என்று தேர்வில் வருகிற சொற்களெல்லாம் அங்கே கிடக்கின்றன. எஸ்சுவரி என்ற சொல்லுக்கு வேறு ஊர்ப் பிள்ளை அகராதியைத் திறக்க வேண்டும். உங்களுக்கு அது முகத்துவாரம், வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். எண்ணெயை அள்ளிய பிறகு மண்ணையும் அலையாத்திச் செடிகளையும் பழைய நிலைக்குக் கொண்டுவர ரெமிடியேஷன் வேண்டும் என்று ஒரு வரி வந்தால், அது சீர்செய்யும் வேலை என்று யாரும் சொல்லாமலே விளங்கிவிடும். என்ன நடந்தது என்பது உங்களுக்கு முன்பே தெரியும். வார்த்தை மட்டும்தான் புதிது. ஒரே நேரத்தில் விஷயமும் புதிது, வார்த்தையும் புதிது என்றால் எப்பேர்ப்பட்டவருக்கும் மூச்சு முட்டும். இந்தப் பழக்கம் கைக்கு வந்த பிறகு பொருளாதாரம், வானியல், கலை விமர்சனம் என்று வெளியே போங்கள்.

3. சொல்லைப் பார்ப்பதற்கு முன் அதைச் சுற்றியுள்ள சின்னச் சொற்களைப் பாருங்கள். தண்ணீரின் நிறத்தையும் பறவை வட்டமிடுவதையும் வைத்தே கீழே மீன் ஓடுவதை உங்கள் அப்பாக்கள் கண்டுபிடிக்கிறார்கள் அல்லவா, அந்தக் கண் இதற்கும் வேண்டும். தொடக்கத்தில் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் வாக்கியத்துக்குள் வைத்துப் பழகுங்கள். நான் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

“கரையில் ஓயாமல் பேசுகிறவர் என்றாலும், அதிகாரி முன்னால் டாசிட்டர்ன் ஆகிவிட்டார்.” இங்கே ‘என்றாலும்’ திசையைத் திருப்புகிறது. ஆகவே டாசிட்டர்ன் என்பது பேச்சுக்கு எதிர்ப்பக்கம்: வாய் திறக்காதவர். ஆங்கிலத்தில் ஆல்தோ, டெஸ்பைட், வேரஸ், அன்லைக், யெட் எல்லாம் இந்த வேலையைச் செய்பவை.

“அந்த வாக்குறுதி எஃபெமரல்: அந்த வாரத்தோடு காணாமல் போனது.” முக்காற்புள்ளிக்குப் பின்னால் விளக்கம் வந்துவிட்டது. குறுகிய காலமே நிற்பது என்று பொருள். புள்ளிகளையும் கோடுகளையும் தாண்டிப் போகாதீர்கள். பாதி விடை அங்கேதான் இருக்கும்.

“சாம்பல் படிந்து ஆழம் குறைந்ததால் ஆற்றில் படகு விடுவது ஆர்டுவஸ் ஆனது.” இது காரணமும் விளைவும். கடினம் என்று தெரிகிறது. முடியவே முடியாது என்ற அளவுக்கா என்பது இந்த ஒரு வரியில் தெரியவில்லை. சூழல் பல நேரம் திசையைத்தான் காட்டும், அளவைக் காட்டாது. அடுத்த வரியையும் படித்த பிறகு முடிவு செய்யுங்கள்.

எதிர்மறையை ஒளித்து வைக்கிற தொடர்களைத் தனியாக எழுதி வையுங்கள். ஹார்ட்லி, ஃபார் ஃப்ரம், எனிதிங் பட். ‘எனிதிங் பட் டாசிட்டர்ன்’ என்றால் வாய் ஓயாதவர். சொல்லுக்குப் பொருள் தெரிந்தும் இந்த இடத்தில் மதிப்பெண் விடுகிற பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை.

4. விடைகளைப் படிக்கும் முன் உங்கள் சொந்தச் சொல்லை வையுங்கள். அது தமிழாகவே இருக்கட்டும். ரஃப் தாளில் ‘குறைத்தது’, ‘பிடிவாதம்’ என்று எழுதிவிட்டுப் பிறகு விடைகளுக்கு இறங்குங்கள். ஜிஆர்இயில் ஒரு வகைக் கேள்வியில் ஆறு சொற்களில் இரண்டைத் தேர்ந்து வாக்கியம் ஒரே பொருள் தரும்படி செய்ய வேண்டும். ஒன்று சரியாக இருந்து ஒன்று தவறானால் மதிப்பெண்ணே இல்லை. ஒன்றுக்கொன்று இணையான ஆனால் வாக்கியத்தில் பொருந்தாத ஒரு ஜோடியையும் அங்கே போட்டிருப்பார்கள். சொந்தச் சொல் கையில் இருப்பவரை அந்த ஜோடி இழுக்காது.

5. தெரிந்த சொல்லையே சந்தேகப்படுங்கள். ஹார்பர் என்றால் ராயபுரத்தில் குழந்தைக்கும் தெரியும். தேர்வில் அது வினைச்சொல்லாக வரும்: மனசுக்குள் கோபத்தை வைத்துக்கொண்டிருப்பது. ஃபவுண்டர் என்றால் நிறுவியவர், சரி. ஆனால் கப்பல் தண்ணீர் புகுந்து மூழ்குவதும் ஒரு திட்டம் தோற்றுப்போவதும் அதே சொல்தான். ஜெட்டிசன் என்பது புயலில் கப்பலின் பாரத்தைக் குறைக்கச் சரக்கைக் கடலில் எறிவது. இன்று வேண்டாத எதையும் கைவிடுவதற்குச் சொல்கிறார்கள். எப் என்பது வற்றம், பிறகு எதுவும் மெல்லக் குறைவது. புவாயன்ட் மிதப்பது, உற்சாகமாக இருப்பது. ஆங்கிலத்தில் கடல் சொற்கள் நிறைய. அவற்றில் நீங்கள்தான் முன்னால் இருக்க வேண்டும். கடலுக்கு வெளியேயும் இப்படிச் சில உண்டு. சாங்ஷன் என்பது அனுமதியும் ஆகும், தண்டனையும் ஆகும். குவாலிஃபை என்பது சொன்னதற்கு ஒரு வரம்பு போடுவதும் ஆகும்.

6. வேர்ச்சொல் துணைக்கு மட்டும். ஃப்ளூ என்ற லத்தீன் வேருக்கு ஓடுதல் என்று பொருள். வெளியே ஓடுவது எஃப்ளூயன்ட், சேர்ந்து ஓடுவது கான்ஃப்ளூயன்ஸ், நிரம்பி வழிவது சூப்பர்ஃப்ளூவஸ். ஆனால் எண்ணூர் விரைவுச் சாலையில் போகிற டேங்கர் லாரியில் ‘இன்ஃப்ளேமபிள்’ என்று எழுதியிருந்தால் அது தீப்பிடிக்காதது என்று நினைத்துவிடாதீர்கள். தீப்பிடிக்கும் என்றுதான் பொருள். நாய்சம் என்பதில் சத்தம் இல்லை, நாற்றம்தான். எனர்வேட் என்பது தெம்பு தருவது போலக் கேட்கும். தெம்பை உறிஞ்சுவது அது. வேர் ஒன்று சொல்லி வாக்கியம் வேறு சொன்னால் வாக்கியத்தை நம்புங்கள்.

7. ஒரு முறை ஊகித்ததால் ஒரு சொல் உங்களுடையது ஆகிவிடாது. பல இடங்களில் பல முறை எதிர்ப்பட வேண்டும். நோட்டில் சொல்லை மட்டும் எழுதாமல் அது வந்த முழு வாக்கியத்தையும் எழுதுங்கள். நாளைக்கு ஒரு முறை, அடுத்த வாரம் ஒரு முறை, அடுத்த மாதம் ஒரு முறை திரும்பிப் பாருங்கள். நியூசிலாந்தில் பால் நேஷனும் ஹுவும் 2000-ல் வெளியிட்ட ஆய்வில், யார் உதவியும் இல்லாமல் ஒரு பத்தி நன்றாகப் புரிய அதிலுள்ள சொற்களில் சுமார் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும் என்று கண்டார்கள். எனவே ஒரு கட்டுரையில் முதல் நூறு சொற்களை எண்ணுங்கள். தெரியாதவை இரண்டு, மூன்றுக்கு மேல் என்றால் அது இன்றைக்கு உங்களுக்கானது இல்லை. எளிதானதை எடுப்பதில் வெட்கமே வேண்டாம்.

8. ஊகித்த பிறகு அகராதியைப் பாருங்கள், முன்னால் பார்க்காதீர்கள். சென்னைப் பல்கலைக்கழகம் அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளியிட்ட ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியம் இன்றும் நல்ல துணை. தமிழ்வழியில் படித்தது குறை என்று உங்களிடம் யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். வகுப்பு வேண்டும் என்றால் பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரியில் அரசின் இலவசப் பயிற்சி மையம் இருக்கிறது. சேர்க்கை அறிவிப்பு வரும்போது விண்ணப்பியுங்கள்.

9. வங்கித் தேர்வில் தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். ஐந்தில் இரண்டு, மூன்றைத் தள்ள முடிந்தால் துணிந்து குறியுங்கள். ஜிஆர்இயில் அப்படிக் கழிப்பதில்லை. எதையும் காலியாக விடாதீர்கள்.

10. இது தேர்வுக்கு வெளியே. நம் பக்கம் ஒரு பெரிய ஆலையோ துறைமுக விரிவாக்கமோ வரும்போது மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கிறது. 2006-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி உள்ளூர் மொழியில் தர வேண்டியது சுருக்கம் மட்டும்தான். முழு வரைவு அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். அதன் பிரதியை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் வைப்பார்கள். எங்கள் தலைமுறையில் அதைப் படிக்க முடிந்தவர்கள் மிகக் குறைவு. மிடிகேட், நெக்லிஜிபிள், ரிவர்சிபிள் என்று அதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் நம் ஆற்றைப் பற்றியது. தேர்வில் ஜெயித்து வேலைக்குப் போங்கள், வெளிநாட்டுக்கும் போங்கள். அடுத்த கூட்டத்துக்கு முன்னால் உங்களில் இரண்டு பேராவது அந்த அறிக்கையை முழுதாகப் படித்து, ஊர்ப் பஞ்சாயத்தில் தமிழில் எடுத்துச் சொல்லுங்கள்.