குகன் கொணர்ந்த மீனும் மாசிமகக் கடற்கரையும்

காரைக்காலின் கடலோரத்தில் கிளிஞ்சல்மேடு என்னும் மீனவர் ஊர் அமைந்துள்ளது. கிளிஞ்சல் குவிந்த மேடு என்பதே அப்பெயரின் பொருள். வலையும் படகுமே அவ்வூராரின் வாழ்வு. அதற்குத் தெற்கே, திருமலைராயன்பட்டினக் கடற்கரையில் மாசிமகத்தன்று திருக்கண்ணபுரம் ஸ்ரீசௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுகிறார். பட்டினச்சேரி மீனவர்கள் அவரை ‘மாப்பிள்ளை’ என்றே அழைத்து எதிர்கொள்வர். மீனவர் குலத் தலைவனின் திருமகளான பத்மினியை எம்பெருமான் மணந்தருளினான் என்பது தலபுராணம். திருக்கண்ணபுரத்தில் ஸ்ரீதேவி, பூதேவி, ஆண்டாள் ஆகியோருடன் பத்மினி நாச்சியாரும் சேவை சாதிப்பதை யாத்திரிகர் அறிவர்.

இக்கடற்கரைக்கு வரும் அடியார்களுள் சிலருக்கு உள்ளத்தில் ஒரு நெருடல் உண்டு. அவர்கள் உயிர்க்கொலையை விலக்கி வாழ்பவர்கள். எம்பெருமானை எதிர்கொண்டு நிற்பவரின் தொழிலோ மீன் பிடித்தல். நெருடலை எவரும் வாயால் சொல்வதில்லை. கருவாடு உலரும் இடத்தைக் கடக்கையில் மேல்துண்டு மூக்கிற்கு ஏறும், அதுவே சொல்லிவிடும்.

இந்த நெருடல் புதியதன்று. கங்கைக் கரையில் வேடர் தலைவன் குகன் இராமபிரானைக் காண வந்தபோது தேனும் மீனும் கொண்டுவந்தான் என்கிறார் கம்பர். இராமனோ தவக்கோலம் பூண்டவன். சுற்றி நிற்பவரோ முதிய முனிவர்கள். அக்கையுறையைக் கண்ட இராமன் முனிவர்களை நோக்கிப் புன்முறுவல் செய்தான். பின்னர், அன்பினால் கொணர்ந்தவை ஆதலின் இவை தூயன, தாமும் உண்டதற்கு ஒப்பாம் என்னும் கருத்துப்படப் பேசினான். அப்புன்முறுவலை ஊன்றி நோக்க வேண்டும். குகனைப் பார்த்து எழுந்த ஏளனம் அன்று அது. முனிவர்கள் முகம் சுளிப்பதற்கு முன்பே அவர்களைத் தன்பக்கம் சேர்த்துக்கொண்ட புன்முறுவல். மீனை அவன் உண்ணவும் இல்லை. கொணர்ந்தவன் நாணும்படி விலக்கவும் இல்லை.

வான்மீகி இதனை வேறு விதமாகச் சொல்கிறார். அங்கே குகன் பலவகை உணவும் படுக்கையும் கொண்டுவருகிறான். இராமன் அவனைத் தழுவிக்கொண்டு, தவவிரதத்தைச் சொல்லி, அவற்றை ஏலாமல் விடுகிறான். அன்றிரவு அவன் பருகியது இலக்குவன் கொணர்ந்த நீர் மட்டுமே. ஆயினும் ஒன்றைக் கேட்டுப் பெறுகிறான்: தன் தந்தைக்கு உகந்த குதிரைகளுக்குத் தீனி. தனக்கு ஒவ்வாததை மறுத்தவன், கொடுக்க வந்தவனின் கை வெறுமையாய்த் திரும்பாதபடி, தான் ஏற்கக்கூடிய ஒன்றைத் தேடிக் கேட்டான். விரதமும் குலையவில்லை, நட்பும் குலையவில்லை. திருமங்கையாழ்வார் திருவரங்கத்தெம்பெருமானிடம் சரண்புகும்போது, குகனை இழிந்தவன் என்று எண்ணாது உறவாக்கிக்கொண்ட இவ்வருளையே முன்னிட்டுக்கொள்கிறார்.

கருத்து வேறுபாட்டை மறைத்துவிடுவதுதான் மரியாதையோ என்றால், அதுவும் அன்று. மகாபாரதத்தின் வனபர்வத்தில், கௌசிகன் என்னும் அந்தணன் மிதிலையில் இறைச்சிக் கடை வைத்திருந்த தர்மவியாதனிடம் அறம் கேட்கச் செல்கிறான். அனுப்பியவள் ஓர் இல்லறத்துப் பெண்மணி. கடைவாயிலில் இறைச்சியைக் கண்டதும் அவன் திரும்பிவிடவில்லை. வியாதனின் இல்லத்திற்குச் சென்று அமர்ந்து, “இத்தொழில் உமக்குத் தகாது, இதற்காக வருந்துகிறேன்” என்னும் பொருள்பட நேரே சொல்கிறான். வியாதனும் சினவாமல் விடை சொல்கிறான். இது தன் குலத்தொழில். தான் கொல்வதில்லை, பிறர் கொன்றதை விற்பதே. தான் ஊன் உண்பதும் இல்லை. அத்துடன் ஒன்று கேட்கிறான்: ஏர் உழும்போது மண்ணுக்குள் மடியும் உயிர்கள் எத்தனை?

காவிரி வயலில் விளைந்த சோற்றை உண்டு கடற்கரைக்கு வருபவர் இவ்வினாவை எளிதில் தாண்டிவிட முடியாது. வினா எழுந்ததனால் கௌசிகன் தன் நோன்பை விட்டான் என்று நூலில் இல்லை. வியாதன் கடையை மூடினான் என்றும் இல்லை. வியாதன் தன் முதிய பெற்றோரைக் காட்டி, அவர்களே தன் தெய்வம் என்கிறான். தாய்தந்தையரைத் துறந்து வேதம் ஓதப் போந்த கௌசிகனுக்கு அங்கேதான் சுட்டது. வியாதனை வலம்வந்து, கைவிட்ட பெற்றோரிடம் திரும்பினான். அறத்தில் தான் உயர்ந்தவன் என்று எண்ணி வந்தவன், தனக்கு விடுபட்டிருந்த கடமையை இறைச்சி விற்பவனிடம் கற்றுச் சென்றான். முதலிலேயே மூக்கைப் பொத்தியிருந்தால்?

கேளாமல் அறிய முடியாதவை கிளிஞ்சல்மேட்டுக் கரையிலும் உண்டு. கடலில் இருப்பதையெல்லாம் வாரிக்கொள்பவர் மீனவர் என்று உள்நாட்டார் எண்ணுவதுண்டு. வங்கக் கடலோரத்தில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மீன்கள் இனம் பெருகும் பருவம் கருதி, விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. இது அரசு விதித்த தடையே. ஆயினும் அந்நாள்களின் வருமான இழப்பைத் தாங்குவது மீனவர் குடும்பம். நோன்பு நோற்கும் யாத்திரிகருக்கு இதன் அருமை விளங்காமற் போகாது.

சித்திரையில் அவ்வழி செல்பவர் படகுகள் நிற்பதைக் காணலாம். பழுதுபார்ப்பும் வலை சீரமைப்பும் நடக்கும் காலம் அது. ஏன் கடலுக்குப் போகவில்லை என்று கேட்பவருக்கு, கையிலுள்ள வலையைக் கீழே வைக்காமலே விடை சொல்வார்கள்.