வரவுசெலவுத் திட்டத்தின் கூட்டுத்தொகையும் அதைச் சோதிக்கும் முறையும்

கனகம்மாசத்திரம் வட்டாரத்து அங்கத்தினர்களிற் பலருக்கு வருவாய் இரண்டு வழிகளில் வருகிறது. வீட்டில் தறி, வெளியில் காணி. தறிக்கூலி அவ்வப்போது கைக்கு வரும். வேர்க்கடலைப் பணமோ அறுவடைக்குப் பின்பே வரும். ஆகவே முன்கூட்டியே வரவுசெலவுத் திட்டம் வகுத்துக்கொள்ளுதல் இத்தகைய குடும்பங்களுக்கு மிகவும் அவசியமாகும். இதைக் கணிப்பொறியில் எழுதும் வழக்கம் இப்பொழுது பரவி வருவது நமக்கு மகிழ்ச்சியே. எனினும், கணிப்பொறி காட்டும் கூட்டுத்தொகையை அப்படியே நம்புவது தகாது.

அண்மையில் நாம் கண்ட ஒரு கணக்கைக் கூறுவோம். முந்திய ஆண்டில் தந்தையார் ‘வேர்க்கடலைச் சாகுபடி’ என்ற தலைப்பில் ரூ. 15,000 என்று மொத்தமாக எழுதி வைத்திருந்தார். இவ்வாண்டு மகன் அதன் கீழ் விதை ரூ. 7,000, உரம் ரூ. 4,500, ஆள்கூலி ரூ. 9,000 என்று உட்தலைப்புகளைச் சேர்த்தார். இவை மூன்றும் ரூ. 20,500 ஆகின்றன. திட்டத்தின் மொத்தமோ பழைய 15,000-ஐயே கொண்டு நின்றது. பயிர்க்கடனோ ஏக்கருக்கு இவ்வளவு என்று வரையறுக்கப்பட்டது. நம் திட்டத்தைப் பார்த்துக் கூடுவதில்லை. எனவே களையெடுக்கும் சமயத்தில் ரூ. 5,500 குறைந்திருக்கும். அக்குறையை எந்த வட்டிக்கு யாரிடம் வாங்கி நிரப்புவது என்பதை அங்கத்தினர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

இது பொறியின் பிழையன்று. 1998-ஆம் ஆண்டு முதல் இலவசமாகக் கிடைத்துவரும் குனூகேஷ் என்னும் சொந்தக் கணக்கு மென்பொருளிலும் விதி இதுவே: தாய்த் தலைப்பில் தொகை எழுதப்படாதிருந்தால் உட்தலைப்புகளின் கூட்டல் அங்கே காட்டப்படும், எழுதப்பட்டிருந்தால் எழுதிய தொகையே நிற்கும். விதி அறியாதவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

இன்னொரு வகை மாற்றமும் உண்டு. நாம் ஒரு எண்ணையும் தொடாதிருக்க, மென்பொருளின் புதிய பதிப்பு வந்து கணக்கிடும் முறை மாறலாம். குனூகேஷின் 4.0 பதிப்பு 2020-இல் வெளியானபோது, திட்டத் தொகைகளின் கூட்டல்-கழித்தல் குறியைச் சேமிக்கும் முறை மாற்றப்பட்டது. இவ்வாறு புதிய முறையில் எழுதிய ஏட்டைப் பழைய பதிப்புகள் பல திறக்க மறுக்கும். ஆகவே புதிய பதிப்பை நிறுவுமுன் பழைய மொத்தங்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுதல் வேண்டும்.

படித்தவர்கள் இதில் தவறமாட்டார்கள் என்று எண்ண வேண்டா. கார்மென் ரெயின்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரு பொருளாதார அறிஞர்கள், அரசுகளின் கடனைப் பற்றி 2010-இல் வெளியிட்ட கட்டுரையில், இருபது நாடுகளுள் ஐந்து சராசரிக் கணக்கில் விடுபட்டுப் போயிருந்தன. கணிப்பொறித் தாளில் சூத்திரம் ஐந்து வரிகளை எட்டவில்லை, அவ்வளவே. 2013-இல் தாமஸ் ஹெர்ன்டன் என்ற மாணவர் மூலத்தாளையே வாங்கிப் பார்த்தபோதுதான் அது வெளிப்பட்டது.

இனிச் சோதிக்கும் முறை. மேலே கூறிய வீட்டில் மகன் ஐயங்கொண்டது நன்றே; ஆனால் அசல் ஏட்டிலேயே எண்களை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டார். எது மெய்த் தொகை, எது சோதனைத் தொகை என்று பிரித்தறிய, உரக்கடை ரசீதுகளையும் கூலிச் சிட்டையையும் வைத்துக்கொண்டு நாம் ஒரு முழு மாலைப் பொழுது உட்கார நேர்ந்தது. சோதனை என்றும் நகலிலேயே நடைபெற வேண்டும். ஏட்டை மூடிவிட்டு, கோப்பை வேறோர் அடைவில் நகலெடுத்து, பெயரிலேயே ‘சோதனை’ என்று சேர்த்து விடுக. அசலின் மற்றொரு படி பென் டிரைவில் இருக்கட்டும்.

நகலில் உட்தலைப்பு ஒவ்வொன்றுக்கும் 1, 10, 100 என்று எழுதுக. தாய்த் தலைப்பு வெறுமையாயிருப்பின் 111 வரவேண்டும். 101 வந்தால் பத்து எழுதிய தலைப்பு விடுபட்டது என்று உடனே தெரிந்துவிடும். பிறகு தாய்த் தலைப்பில் 1,000 எழுதிப் பார்க்க. 1,111 ஆகிறதா, 1,000 ஆகவே நிற்கிறதா? உங்கள் மென்பொருளின் விதி கால் மணி நேரத்தில் விளங்கிவிடும். ஒரு முறைக்கு ஒரு மாற்றமே செய்க. இரண்டைச் சேர்த்து மாற்றினால் எதனால் மொத்தம் மாறியது என்பது தெரியாது. ஆடிக் கிருத்திகைச் செலவு போன்று ஒரே மாதத்தில் வருவதைப் பன்னிரண்டு மாதங்களிலும் எழுதிவிட்டோமா என்பதையும் இங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

குனூகேஷ் உபயோகிப்போர் இரண்டு விஷயங்களில் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். அது கடைசியாகத் திறந்த ஏட்டையே மறுநாளும் திறக்கும். சோதனை ஏட்டை விட்டு வந்தவர் மறுநாள் வரவை அதிலேயே எழுதிவிடக்கூடும். இரண்டாவது, ஏட்டைத் தரவுத்தள வடிவில் வைத்திருப்போருக்குப் பதிவு செய்த கணமே எழுதப்பட்டுவிடுகிறது. சேமிக்காமல் மூடித் தப்பலாம் என்ற எண்ணம் பலியாது.

இவையெல்லாம் சொந்தக் கணக்குக்கே பொருந்தும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களைக் கணினிமயமாக்க மத்திய அரசு 2022-இல் தனித் திட்டம் வகுத்தது. சங்கத்துப் பொறியில் இத்தகைய சோதனைகளைச் செய்ய எவருக்கும் அனுமதியில்லை.

மேற்படி அங்கத்தினர், தாய்த் தலைப்பிலிருந்த 15,000-ஐ நீக்கிவிட்டார். மொத்தம் 5,500 உயர்ந்தது. விதைப்புக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தமையால், தறிக்கூலியில் வாரம் ரூ. 1,100 எடுத்துவைப்பதென்று அதே ஏட்டில் எழுதிக்கொண்டார்.