அலைப்பலகை வாங்குமுன்

பெங்களூரில் குடியிருந்துகொண்டு கடலலையில் சறுக்கும் பலகையைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று சிலர் சிரிக்கக்கூடும். எங்கள் நீலசந்திராவிலிருந்து சாலை வழியே எந்தப் பக்கம் போனாலும் கடலைப் பார்க்க 300 கிலோமீட்டராவது போக வேண்டும். ஆனால் கோடை விடுமுறை வந்தால் நம் பிள்ளைகள் கோவளம், புதுச்சேரி, முல்கி என்று கிளம்பிவிடுகிறார்கள். திரும்பி வந்ததும் "அப்பா, எனக்கு ஒரு சர்ஃப் போர்டு வேண்டும்" என்கிறார்கள். வாங்கித் தருவதா, வேண்டாமா, வாங்கினால் எதை வாங்குவது என்று கேட்கும் பெற்றோருக்காகவே இதை எழுதுகிறேன்.

எனக்கு இதில் என்ன தெரியும் என்றால், 28 ஆண்டுகள் பைபர் கிளாஸ் வேலை பார்த்தவன். தண்ணீர்த் தொட்டி, கூரைத் தகடு, பஸ் இருக்கை என்று கையில் ரெசின் காயாத நாளில்லை. அம்மா பிறந்த ஊர் சென்னைக்குத் தெற்கே 40 கிலோமீட்டரில் இருக்கும் கோவளம். என் தாய்மாமன் கட்டுமரத்தில் கடலுக்குப் போனவர். இந்த இரண்டும் இருந்தும் என் பேரன் விஷயத்தில் ஏமாந்தேன்.

பேரன் மகள் வயிற்றுப் பிள்ளை. 13 வயது, எடை 42 கிலோ. நன்றாக நீந்துவான். சென்ற ஆண்டு மாப்பிள்ளை யாரிடமோ சொல்லி 11,000 ரூபாய்க்குப் பழைய பலகை ஒன்றை வாங்கி வந்தார். 5 அடி 10 அங்குல நீளம், வெள்ளை வெளேரென்று, கூரான மூக்கு. டி.வி.யில் வீரர்கள் வைத்திருப்பதைப் போலவே இருந்தது. நானும் தட்டிப் பார்த்து, "வேலைப்பாடு சுத்தமாக இருக்கிறது" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டேன்.

கோவளத்தில் அதன்மேல் குப்புறப் படுத்ததும் பலகை அவன் மார்போடு நீருக்குள் போயிற்று. கை போட்டால் நகரவில்லை. முதல் அலை அப்படியே கடந்து போயிற்று. இரண்டாவது அலை பின்பக்கத்தைத் தூக்கியது, மூக்கு தண்ணீரில் குத்தியது, பலகை எகிறி அவன் புருவத்தில் அடித்தது. நான்கு தையல். பலகையின் மூக்கிலும் விரிசல். இரவு அவன் என்னிடம் மெதுவாகச் சொன்னது தையலைவிட வலித்தது: "தாத்தா, எனக்கு இதெல்லாம் வராது. நான் பெங்களூர்ப் பையன்."

தப்பு அவனிடம் இல்லை. கணக்கில் இருந்தது. அந்தக் கணக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மிதக்கும் எந்தப் பொருளும் தன் எடைக்குச் சமமான தண்ணீரை ஒதுக்க வேண்டும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். ஒரு லிட்டர் கடல்நீர் ஒரு கிலோவுக்குச் சற்றே அதிகம், ஒரு கிலோ என்றே வைத்துக்கொள்வோம். இப்போது வரும் பலகைகளில் நீளம், அகலம், கனத்தோடு கொள்ளளவையும் லிட்டரில் எழுதியிருப்பார்கள். எழுதாவிட்டால் நீள அகல கனத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள். வருவதில் பாதிக்குச் சற்று மேல் என்று கொண்டால் பெரிய பிழை வராது. எங்கள் பலகை 178, 48, 6 சென்டிமீட்டர். பெருக்கி வகுத்தால் 51 வரும், ஆகவே பலகை ஏறக்குறைய 27 லிட்டர். பையன் 42 கிலோ, பலகை 3 கிலோ, மொத்தம் 45. பலகை முழுவதும் மூழ்கினாலும் 27 கிலோவைத்தான் தாங்கும். மீதி 18 லிட்டருக்குப் பையனின் உடம்பே தண்ணீரில் அமிழ வேண்டும். பாதி உடம்பு தண்ணீருக்குள் கிடந்தால் கை போட்டு எப்படி நகர்வான்?

பள்ளிகளில் பழக்கக் கொடுக்கும் 8 அடி மெத்துப் பலகை 70 லிட்டருக்குக் குறையாது. பையனும் பலகையும் சேர்ந்து 48 கிலோ என்றால், பலகையில் 20 லிட்டருக்கு மேல் நீருக்கு வெளியே நிற்கும். உடம்பு நனையாமல் பலகையே ஓடும். புதிதாகப் பழகுகிறவருக்கு, தன் எடை எத்தனை கிலோவோ அத்தனை லிட்டருக்குக் குறையாத பலகை வேண்டும், கூடுதலாக இருந்தால் இன்னும் நல்லது. தேர்ந்த வீரர்கள் தங்கள் எடையில் பாதிக்கும் குறைவான லிட்டரில் சறுக்குகிறார்கள் என்றால், அவர்கள் தோளின் வலுவும் அலையைக் கணிக்கும் கண்ணும் மீதியை ஈடுசெய்கின்றன.

அடுத்தது வளைவு. பலகையைச் சமதரையில் வைத்துப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். மூக்கும் வாலும் தரையைவிட்டு எழும்பியிருக்கும். வீரர்களின் சிறு பலகையில் மூக்கு ஏறக்குறைய 5 அங்குலமும், வால் 2 அங்குலத்துக்கு மேலும் எழும்பும். வளைவு அதிகமானால் செங்குத்தான அலையில் மூக்கு குத்தாது, சட்டென்று திரும்பும். ஆனால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போவதால் வேகம் வராது, சாதுவான அலையைப் பிடிக்கவே முடியாது. தட்டையாக இருந்தால் சிறு அலையிலும் ஓடும். ஆனால் ஏறி நிற்கிறவர் கொஞ்சம் முன்னால் சாய்ந்துவிட்டால் மூக்கு குத்தும். பழகுகிறவருக்கு நடுப்பகுதி தட்டையாகவும் மூக்கு மட்டும் இலேசாக எழும்பியும் இருப்பதே சரி.

இதைச் சொல்லும்போது மாமாவின் கட்டுமரம் நினைவுக்கு வருகிறது. துறைமுகமே இல்லாத சோழமண்டலக் கரையில், உடையும் அலையைத் தாண்டிப் போகவும் அதே அலைமேல் ஏறிக் கரை சேரவும் நம்மவர்கள் கண்ட கலம் அது. இலேசான மரங்களைச் செதுக்கிக் கயிற்றால் சேர்த்துக் கட்டுவார்கள். முன்முனையாகிய அணியம் மேல்நோக்கி வளைந்திருக்கும். மரங்களின் இடுக்கில் தண்ணீர் வழிந்துவிடுவதால் படகைப்போல நிரம்பி மூழ்காது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே காயப் போடுவார்கள். மரம் ஊறிவிட்டால் மிதப்பு போய்விடும் என்பதால்தான் அது. லிட்டர் என்ற சொல் இல்லாமலே அவர்கள் போட்ட லிட்டர்க் கணக்கு இது! வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேயக் கடலோடி 1697இல் வெளியிட்ட பயண நூலில் இந்தக் கலத்தின் பெயரைக் குறித்தார். பிறகு அந்தச் சொல் உலக மொழிகளில் பரவி, இன்று இரட்டை உடல் கொண்ட கப்பலையெல்லாம் குறிக்கிறது. 2004 சுனாமிக்குப் பின் நிவாரணமாக வந்த பைபர் படகுகளால் கட்டுமரம் பெரும்பாலும் கரையேறிவிட்டது. பைபர் வேலைக்காரனாகிய நான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

விளிம்புக்கு வருவோம். இதை வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் காட்டலாம். குழாயைத் திறந்து, தொங்கவிட்ட கரண்டியின் புறமுதுகை நீரோட்டத்தில் இலேசாகத் தொடுங்கள். நீர் கரண்டியைத் தள்ளிவிடும் என்றுதான் நினைப்போம். மாறாக உள்ளே இழுத்துக்கொள்ளும். வளைந்த பரப்பைத் தண்ணீர் ஒட்டிக்கொண்டே போகும் குணம் அது. பலகையின் விளிம்பு உருண்டையாக இருந்தால் தண்ணீர் அதைச் சுற்றி ஒட்டிக்கொண்டு பலகையை அலையின் சரிவில் பிடித்துவைக்கும். நிதானமான ஓட்டம், தடுமாறினாலும் மன்னிக்கும். கீழ்விளிம்பு கத்தி மாதிரி கூராக இருந்தால் தண்ணீர் அங்கே அறுந்து விலகும், வேகம் கிடைக்கும். அதனால்தான் நல்ல பலகைகளில் முன்பாதி விளிம்பு உருண்டையாகவும், வாலுக்கு அருகே கூராகவும் செதுக்குகிறார்கள். நீங்கள் விரலால் தடவிப் பார்த்தாலே தெரியும். குழந்தைகளுக்கு முழுவதும் உருண்டையானதே போதும்.

வாலின் அடியிலிருக்கும் துடுப்புகளைச் சர்ஃபிங்கில் ஃபின் என்கிறார்கள். ஹவாய்த் தீவுகளின் பழைய மரப்பலகைகளில் இது கிடையாது. வால் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகும். 1935இல் டாம் பிளேக் என்பவர் விசைப்படகின் அடித்தகடு ஒன்றைத் தன் பலகையில் பொருத்திப் பார்த்தார், வழுக்கல் நின்றது. 1981இல் ஆஸ்திரேலியாவின் சைமன் ஆண்டர்சன் மூன்று ஃபின் வைத்த பலகையால் போட்டிகளில் வென்றதிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. பழகுகிற பிள்ளைக்கு ரப்பர் போல வளையும் ஃபின் வேண்டும். கெட்டியான ஃபின் தொடையைக் கிழித்துவிடும். கணுக்காலில் கட்டும் கயிறு ஏறக்குறைய பலகையின் நீளம் இருக்க வேண்டும். குட்டையாக இருந்தால் பலகை முகத்துக்கே திரும்பும்.

இனி என் சொந்தத் தொழில். உள்ளே இருப்பது இரண்டு வகை நுரை. ஒன்று பாலியூரித்தேன், அதன்மேல் கண்ணாடி இழைத் துணி விரித்துப் பாலியெஸ்டர் ரெசின் பூசுவார்கள். மற்றது தெர்மோகோல் இனம், அதற்கு எபாக்ஸி ரெசின்தான். மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்று 28 ஆண்டு அனுபவசாலி நான் உங்களுக்குச் செய்தே காட்டியிருக்கிறேன். பேரனின் பலகையில் விழுந்த விரிசலை அவசரமாகத் தேய்த்து, கொட்டகையில் இருந்த பாலியெஸ்டரைக் கலந்து ஊற்றினேன். பாலியெஸ்டரில் இருக்கும் ஸ்டைரின் தெர்மோகோலைக் கரைக்கும். பத்து நிமிடத்தில் மூக்குக்குள் ஒரு கைமுட்டி அளவு பள்ளம்! விரிசலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்திருந்தால் முத்து முத்தாகத் தெர்மோகோல் தெரிந்திருக்கும். பழைய பலகை வாங்குகிறவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விரிசலோடு கடலில் இறக்காதீர்கள், நுரை நீர் குடித்துக் கனத்துவிடும். வெயிலில் பூட்டிய காருக்குள்ளும் வைக்காதீர்கள், மேல்தோல் உரிந்து எழும்பும். அழுத்திப் பார்த்தால் அமுங்குகிற இடம் இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

அப்படியானால் எதை வாங்குவது? முதல் ஆண்டு எதையும் வாங்க வேண்டாம் என்பதே என் எண்ணம். 8 அடிப் பலகையை நீலசந்திராவின் எந்த மாடிப்படியில் திருப்புவீர்கள்? கோவளத்தில் மீனவரான மூர்த்தி மேகவன் தொடங்கிய பள்ளி 2012 முதல் நடந்துவருகிறது. நம் கர்நாடகத்திலேயே முல்கியில் அதற்கும் முன்பிருந்தே கற்பிக்கிறார்கள். பள்ளியில் பலகையும் தருவார்கள், பார்த்துக்கொள்ள ஆளும் இருக்கும். நீந்தத் தெரியாத பிள்ளையை இறக்கவே கூடாது. விழும்போது இரு கையாலும் தலையை மூடிக்கொள்ளவும், உள்ளிழுக்கும் நீரோட்டத்தில் சிக்கினால் கரையை நோக்கிப் போராடாமல் பக்கவாட்டில் நீந்தி விலகவும் முதல் நாளே சொல்லிக் கொடுக்க வேண்டும்.

பேரன் தையல் பிரித்த பிறகும் கோவளத்துக்கு வர மறுத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலே எழுதிய 27 லிட்டர்க் கணக்கை அவனையே நோட்டில் போட வைத்தேன். 18 என்று விடை வந்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "அப்போ யார் படுத்தாலும் முழுகுமா தாத்தா?" என்றான். "உன் எடையில் யார் படுத்தாலும்" என்றேன். தசரா விடுமுறையில் வந்தான். பள்ளியின் 8 அடி நீலப் பலகையில் இரண்டு நாள் விழுந்து எழுந்து, மூன்றாம் நாள் காலையில், இடுப்பளவு அலை ஒன்றில் எழுந்து நின்றுவிட்டான். ஐந்தாறு விநாடிதான் இருக்கும். கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டார். அம்மாவின் தெருப்பெயரைச் சொன்னேன்.

சிறு பலகையின் பள்ளத்தை எபாக்ஸியால் நிரப்பிவிட்டேன். ஒட்டுப்போட்ட இடம் மஞ்சளாகத் தெரிகிறது. மாப்பிள்ளை விற்றுவிடலாம் என்கிறார். பேரன் விடமாட்டேன் என்று என் கொட்டகை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறான்.